சிவக்காத ஆரத்தி

வெக்ஸ்போர்ட், டொராண்டோ
14 செப்டம்பர் 1975

உமாபதிக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கவில்லை, கவனித்திருப்பாய். அது வரும்போது வரட்டும்.

போனில் பேசக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ ஆரம்பித்தால் வியாழக்கிழமை மாதிரி நான் பாதியில் வைத்துவிடுவேன். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, நீயும் குறுக்கே பேச முடியாது. ஒஷாவாவுக்கும் இந்த ஊருக்கும் நடுவில் பஸ் ஓடிக்கொண்டிருந்தாலும், கொஞ்ச நாளைக்கு நாம் தபாலிலேயே அக்கா தம்பியாக இருப்போம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நடந்ததை நீ உன் சௌகரியத்துக்கு மாற்றி ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று போனில் தெரிந்தது. ஆகவே எழுதியே வைக்கிறேன். ஆரத்தி கரைக்கச் சொல்லி என்னிடம் கேட்டது உன் பெண்டாட்டி கல்யாணி. சுண்ணாம்புக்கு நான் முந்தின நாளே, இங்கே இந்தியக் கடைகள் இருக்கும் ஜெரார்ட் தெருவரைக்கும் போனேன். கடைக்காரர் எந்தச் சுவருக்கு என்று கேட்டார். சரி, மஞ்சளைச் சிவக்க வைக்க ஏதாவது காரம் போதும், ஆப்ப சோடாவும் காரம்தான் என்று உன் சமையலறையைத் தேடினேன். 'ஆப்ப சோடா' என்று உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய பாட்டில் இருந்தது. மஞ்சள் தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அதற்குள் வாசலில் நேரமாகிறது என்று சத்தம். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணியின் அன்னம் பெரியம்மா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒண்டிக்கட்டை கையால கரைச்சா எப்படிடி செவக்கும்?" என்றாள். கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அப்போது நீ என்ன செய்தாய்? சிரித்தாய். "பத்து வருஷமா கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுக்கற, ஒரு ஆரத்தி கரைக்கத் தெரியலையே அக்கா" என்றாய். பெரியம்மா சொன்னது என்னைத் தொடவில்லை. நீ சிரித்தது வலித்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

கல்யாணம் வேண்டாம் என்று இருப்பது நான் யோசித்து எடுத்த முடிவு. அது என் விரல் வழியாக இறங்கி மஞ்சளைக் கெடுக்காது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எந்தக் கூடத்தில் அந்தப் பேச்சு வந்ததோ அதே கூடத்தில், பெரியம்மா காதில் விழும்படி, அக்கா கையில் குற்றமில்லை என்று நீ சொல்லவேண்டும். அதுவரைக்கும் உன் வாசலில் கால் வைக்கமாட்டேன்.

அம்புஜம்


ஒஷாவா
21 செப்டம்பர் 1975

அக்காவுக்கு நமஸ்காரம்.

கடிதத்தைக் கல்யாணிக்குத் தெரியாமல் படித்தேன். படித்தால் அவளும் உன் பக்கம் சேர்ந்துகொள்வாள்.

நான் சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை. பெரியம்மா பேச்சு கூடத்தில் அப்படியே நிற்கக் கூடாதே என்று தமாஷாக மாற்றப் பார்த்தேன், அது தப்பாகப் போய்விட்டது. அவள் வயசு அப்படி, வாய் அப்படி. பிரசவம் வரைக்கும் இருந்து கல்யாணியைப் பார்த்துக்கொள்ள எட்டாயிரம் மைல் பறந்து வந்திருக்கிறாள். இங்கே நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவளை உட்கார வைத்துத் திருத்துவதற்கு இது நேரமா, நீயே சொல்.

இன்னொன்று. அந்தப் பாட்டிலில் இருந்தது ஆப்ப சோடாவேதான். நானே கடையில் வாங்கினேன், நானே கொட்டி வைத்தேன், நானே சீட்டு எழுதினேன். ஆகவே பாட்டில் மேல் பழி போடாதே. மஞ்சள் பழசாக இருந்திருக்கும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உன் பள்ளிக்கூட வேலை டிசம்பர் வரைக்கும்தான் நிச்சயம். அதற்குள் மேலதிகாரி வந்து உன் வகுப்பைப் பார்த்து நிரந்தரச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போடவேண்டும். துறைத் தலைவர் ரசாயன அலமாரிச் சாவியைக்கூட உன்னிடம் கொடுப்பதில்லை என்று நீதானே சொன்னாய். உன் உச்சரிப்பு பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது கையெழுத்து எங்கிருந்து வரும்? எங்கள் தொழிற்சாலை ஆபீசில் ஒரு இடம் காலியாகிறது. உட்கார்ந்து செய்கிற வேலை. மேனேஜரிடம் உன்னைப் பற்றிச் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஒஷாவாவிலேயே இருந்துவிடலாம்.

யோசி. கோபத்தில் யோசிக்காதே.

உமாபதி


வெக்ஸ்போர்ட்
5 அக்டோபர் 1975

உமாபதிக்கு,

யோசித்தேன். கோபத்தில்தான் யோசித்தேன், நன்றாகவே யோசனை ஓடியது.

உன் பாட்டிலில் இருந்தது ஆப்ப சோடா இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? நுரைத்தது. கரண்டியைப் போட்டதும் தட்டு முழுக்கப் புஸ் என்று குமிழி கிளம்பி அடங்கியதை நான் பார்த்தேன். அவசரத்தில் மனசில் வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வெறும் சோடா தண்ணீரில் சத்தமில்லாமல் கரையும். நுரைக்கவேண்டுமென்றால் கூட ஒரு அமிலம் இருக்கவேண்டும். நீ வாங்கினது கேக்குக்குப் போடுகிற பேக்கிங் பவுடர். அதில் சோடாவும் உண்டு, அதைத் தீர்த்துக்கட்டப் பொடியாக ஒரு அமிலமும் உண்டு. தண்ணீர் பட்டதும் இரண்டும் ஒன்றையொன்று முடித்துவிடும். பிறகு மஞ்சளைச் சிவக்க வைக்க மிச்சம் என்ன இருக்கும்?

சும்மா சொல்லவில்லை. இரண்டு டின்னையும் வாங்கி வந்து நேற்றுச் சமையலறையில் செய்து பார்த்தேன். சோடா போட்ட டம்ளர் செங்கல் நிறமானது. பவுடர் போட்டது நுரைத்து மஞ்சளாகவே நின்றது. பக்கத்தில் யோகேஸ்வரி இருந்தாள். என்னோடு வீட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் யாழ்ப்பாணத்து நர்ஸ். "அப்ப உங்கட தம்பி தான் பிழை விட்டவர். இதை அவருக்கு எழுதுங்கோ அக்கா" என்றாள். எழுதிவிட்டேன்.

வேலை விஷயம். வேண்டாம். என் உச்சரிப்பு துறைத் தலைவர் மிஸ்டர் கார்ட்ரைட்டுக்குத்தான் புரியவில்லை, பிள்ளைகளுக்குப் புரிகிறது. அவர்கள் வீடுகளிலும் யாரோ ஒருவர் என்னைப் போலத்தான் பேசுகிறார்கள், இத்தாலி உச்சரிப்பில், கிரேக்க உச்சரிப்பில். மேலதிகாரி நவம்பர் பத்தொன்பது வருகிறார். நம் ஊரில் இன்ஸ்பெக்டர் என்போமே, அவரேதான், இங்கே பெயர் நீளம். பாடம் அமிலமும் காரமும். நானே கேட்டிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். சாவி இல்லாவிட்டால் போகட்டும். என் சமையலறைக்குப் பூட்டு இல்லை.

நான் கேட்டது அப்படியே இருக்கிறது. கூடத்தில், பெரியம்மா காதில் விழும்படி.

அம்புஜம்


ஒஷாவா
9 நவம்பர் 1975

அக்காவுக்கு,

தபால்காரர்கள் வேலைநிறுத்தம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் நானே கொண்டுவந்து உன் கதவடியில் போடுகிறேன். தட்டலாம்தான். தட்டினால் நீ முதலில் கேட்பது, சொல்லியாச்சா என்பது. இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். உன்னை அவர் பார்க்க ஒத்துக்கொண்ட நாளும் நவம்பர் பத்தொன்பது. உன் இன்ஸ்பெக்டர் நாள் என்று தெரிந்தும் அவரிடம் மாற்றக் கேட்கவில்லை. அக்கா, அந்த மனிதர் கையெழுத்துப் போடவில்லை என்றால் இரண்டும் போய்விடும். கையில் வருவதைப் பிடித்துக்கொள். பள்ளிக்கூடத்துக்கு உடம்பு சரியில்லை என்று போன் பண்ணிவிடு.

கல்யாணிக்கு டிசம்பர் முதல் பாதியில் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பதினோராம் நாள் தொட்டில் போடவேண்டும், அதற்கு அத்தை வேண்டும் என்று தினமும் சொல்கிறாள். ஆரத்தியைத் தானே கரைப்பதாகப் பெரியம்மா சொல்லிவிட்டாள். நீ தொட்டிலுக்கு மட்டும் வந்து நின்றால் போதாதா? நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

பையில் இருப்பது எலுமிச்சை ஊறுகாய். கல்யாணி போட்டது.

உமாபதி


வெக்ஸ்போர்ட்
3 டிசம்பர் 1975

உமாபதிக்கு,

தபால்காரர்கள் திரும்பிவிட்டார்கள். இந்த ஊரில் எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பியாயிற்று, நீ உட்பட என்று நம்புகிறேன்.

அன்றைக்கு நீ கடிதத்தைப் போட்டுவிட்டுக் கீழே காரிலேயே உட்கார்ந்திருந்தாயே, அது எனக்குத் தெரியும். யோகேஸ்வரி ஜன்னலில் நின்று, "உங்கட தம்பி இன்னும் போகேல்லை அக்கா. குளிருக்குள்ள இருக்கிறார். போய்க் கூப்பிடட்டோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நீ போகிறவரைக்கும் நானும் திரைக்குப் பின்னால்தான் நின்றேன். ஊறுகாயில் உப்பு ஒரு பிடி குறைவு. கல்யாணியிடம் சொல்லாதே.

உடம்பு சரியில்லை என்று போன் பண்ணவில்லை. உன் மேனேஜரைக் காக்க வைத்ததற்கு என்னை மன்னிக்கச் சொல். அல்லது சொல்லவேண்டாம், நான் கேட்டு அவர் நாள் குறிக்கவில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், ஒரு வரியும் விடாமல் படி. மேலதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் மிஸ்டர் கார்ட்ரைட், கைகளைக் கட்டிக்கொண்டு. நான் பையிலிருந்து மஞ்சள் பொடி, வினிகர், சோடா, பேக்கிங் பவுடர், துணிக்குப் போடுகிற சலவைச் சோடா எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். "இதெல்லாம் மளிகை" என்றார் கார்ட்ரைட், மெதுவாகத்தான், ஆனால் கேட்கும்படி. ஆமாம் மளிகைதான் என்று நானும் கேட்கும்படியே சொன்னேன்.

பிறகு பிள்ளைகளிடம் உன் வீட்டுக் கதையைச் சொன்னேன். பெயர்கள் சொல்லவில்லை, பயப்படாதே. ஒரு வீட்டில் விசேஷம், மஞ்சள் தண்ணீர் சிவக்கவேண்டும், சிவக்கவில்லை, கரைத்தவள் கல்யாணம் ஆகாதவள், அதனால்தான் என்று சொல்லிவிட்டார்கள். அது உண்மையா என்று நீங்கள் கண்டுபிடியுங்கள் என்றேன். ஒவ்வொருவராக வந்து அவரவர் கையாலேயே சோடாவைக் கரைத்தார்கள். எல்லாருக்கும் பதினைந்து வயசு, ஒருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஒன்று விடாமல் சிவந்தது. சலவைச் சோடா போட்டவர்களுக்கு இன்னும் அடர்த்தி. அதே கைகளால் பவுடரைக் கரைத்தார்கள், நுரைத்தது, மஞ்சள். வினிகர் ஊற்றினார்கள், மஞ்சள்.

அப்போதுதான் மரியா என்கிற பெண் கையைத் தூக்கினாள். வாய்த்துடுக்குக்காரி, மூன்று வாத்தியார்களை அழ வைத்தவள் என்று பேர். "மிஸ், வினிகர்லயும் மஞ்சள், பச்சைத் தண்ணியிலயும் மஞ்சள். அப்போ தண்ணியும் அமிலமா?" என்றாள். நான் எதிர்பார்க்காத கேள்வி. எதிர்பார்க்காததாலேயே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மஞ்சள் ஒரு சாட்சி, ஆனால் அதற்குக் காரத்தை மட்டும்தான் அடையாளம் தெரியும், மற்றதெல்லாம் அதற்கு ஒன்றுதான், ஆகவே அதைவிட நல்ல சாட்சியைக் கூப்பிடவேண்டும் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்து, "மிஸ்டர் கார்ட்ரைட், பி.எச். காகிதம் வேண்டும். அலமாரி பூட்டியிருக்கிறது, சாவி உங்களிடம் இருக்கிறது" என்றேன். மேலதிகாரி அவர் பக்கம் திரும்பினார். வகுப்பு மொத்தமும் திரும்பியது. அவர் எழுந்து வந்து திறந்தார். சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்ளவில்லை, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பிள்ளைகளே பலகையில் எழுதினார்கள். வினிகர் மூன்று. தண்ணீர் ஏழு, அமிலமும் இல்லை காரமும் இல்லை. சோடா எட்டு. சலவைச் சோடா பதினொன்று. பவுடர் ஏழு, தண்ணீரைப் போலவே. ஏன் என்று மேலதிகாரியே கேட்டார். மரியா சொன்னாள்: "ரெண்டு பேரும் அந்த டின்னுக்குள்ளயே இருக்காங்க சார். தண்ணி பட்டதும் சண்டை போட்டுத் தீர்ந்துட்டாங்க. மஞ்சளுக்கு ஒண்ணும் மிச்சமில்லை. அந்த அம்மா கையில தப்பே இல்லை." இதை உனக்கும் எனக்கும் ஒப்பிட்டு நீ ஒரு வரி எழுதினாலும் கடிதத்தைக் கிழித்துவிடுவேன்.

மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். நிரந்தரம். ஜனவரியிலிருந்து பெரிய வகுப்பும் எனக்கு.

ஆனால் பார், கடைசி பெஞ்சுக்காரர் கையெழுத்தைவிட, நமக்கு உறவேயில்லாத ஒரு பெண் எல்லார் முன்னாலும் அந்த அம்மா கையில் தப்பில்லை என்று சொன்னாளே, அதைத்தான் அன்றைக்கு வந்ததும் யோகேஸ்வரியிடம் முதலில் சொன்னேன். அதைச் சொல்லவேண்டியவன் நீ. பதினோராம் நாளுக்கு நான் வருவதும் வராததும் உன் வாயில் இருக்கிறது.

அம்புஜம்


ஒஷாவா
11 டிசம்பர் 1975

அக்காவுக்கு,

நேற்று விடிகாலை பெண் குழந்தை. இருவரும் சௌக்கியம். மூக்கு உன்னுடையது, அதற்கு நான் பொறுப்பில்லை. நீ பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது யோகேஸ்வரியிடம் போனில் சொன்னேன். "சந்தோசம் தம்பி, ஆனா அக்கா உங்கட கடிதத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா" என்றுவிட்டு வைத்துவிட்டாள். உன்னிடம் நன்றாகத்தான் பழகியிருக்கிறாள்.

சொல்லிவிட்டேன். எப்படி என்று கேள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தோம், நானும் பெரியம்மாவும். குழந்தை பிறந்தது கேட்டு நாலைந்து குடும்பம் வீட்டுக்கு வந்திருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள்தான், மல்வேர்னிலிருந்து மோகனசுந்தரம்கூட. எல்லாரும் கூடத்தில். நான் அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலையே எடுத்து வந்தேன். "பெரியம்மா, தொட்டிலுக்கு ஆரத்தி நீங்கதான் கரைக்கப்போறீங்க. ஒரு தடவை கரைச்சுப் பாத்துடுங்களேன்" என்று மஞ்சள் தண்ணீரோடு தட்டை முன்னால் வைத்தேன். அவளும் மனசார ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டாள். புஸ் என்று கிளம்பியது. அடங்கியது. மஞ்சள்.

அவள் விரலைவிட்டுக் கலக்கினாள். மூணு பிள்ளை பெற்று எட்டுப் பேரன் பேத்தி எடுத்த சுமங்கலி கை. மஞ்சள்தான். "இந்த ஊர்த் தண்ணி சரியில்லை" என்றாள்.

நான் என் கையாலும் ஒரு டம்ளரில் கரைத்தேன், மஞ்சள். பிறகு புதிதாக வாங்கி வந்த சோடா டின்னைத் திறந்து, அதே குழாய்த் தண்ணீரில், அதே மஞ்சளில் போட்டேன். சிவந்தது. "தண்ணியும் சரியா இருக்கு, கையும் சரியா இருக்கு பெரியம்மா. உங்க கைலயும் தப்பில்லை, அன்னிக்கு எங்க அக்கா கைலயும் தப்பில்லை. நான் வாங்கின பொடிதான் தப்பு. அப்ப நான் சிரிச்சது அதைவிடத் தப்பு" என்றேன். எல்லார் காதிலும் விழுந்தது. மோகனசுந்தரம் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

பெரியம்மா என்ன சொல்வாளோ என்று நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். அப்புறம் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அவளையே வரச்சொல்லு. எனக்கு இந்தப் பொடியெல்லாம் புரியலை" என்றாள்.

இருபதாம் தேதி சனிக்கிழமை. வா அக்கா.

உமாபதி


வெக்ஸ்போர்ட்
13 டிசம்பர் 1975

அன்புள்ள உமாபதிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். யோகேஸ்வரிக்கும் படித்துக் காட்டினேன். "ஓம், இப்ப போகலாம்" என்று அவளும் அனுமதி கொடுத்துவிட்டாள். அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், குழந்தையின் குளியலையும் கல்யாணியின் பத்தியத்தையும் ஒரு நர்ஸ் பார்ப்பது நல்லது.

குழந்தைக்கு என் மூக்கு என்றால் என் வாயும் சேர்ந்தே வந்திருக்கும். இப்போதே தயாராக இரு.

ஆரத்திக்கு நான் சலவைச் சோடா கொண்டு வருகிறேன், அதில்தான் நல்ல சிவப்பு வரும். ஆனால் அதைக் குழந்தை நெற்றியில் வைக்க ஒருவரையும் விடாதே, பொட்டுக்குக் குங்குமம் போதும். உன் டின் சோடா எட்டு, இது பதினொன்று, மூன்றுதானே வித்தியாசம் என்று எஞ்சினீயர் மூளையால் கணக்குப் போடாதே. ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு ஏறும், மூன்று படிக்கு ஆயிரம். பிஞ்சுத் தோல் தாங்காது. சுற்றிவிட்டு நேரே வாசலில் கொட்டிவிடலாம். பனிமேல் அந்தச் சிவப்பு விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பதறப்போகிறார், அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வை.

அந்தப் பவுடரைத் தூக்கி எறியாதே. கல்யாணிக்குப் பிடித்த கேக்கு ஒன்று செய்து தருகிறேன், அதற்கு அதுதான் சரியான பொடி. சீட்டை மட்டும் மாற்றி எழுது.

பெரியம்மாவிடம் ஒன்று சொல். ஆரத்தித் தட்டை ஒருத்தி மட்டும் பிடித்துச் சுற்றுவதில்லை, இரண்டு பேர் வேண்டும். கரைப்பது நான். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன், இன்னொரு பக்கம் அவள் வந்து பிடிக்கட்டும்.

அக்கா